குரைக்கிற நாயின் வேலை

1

குரைக்கிற நாய் கடிக்காது என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். வாய்ச்சொல்லில் வீரரைக் கேலி செய்ய அது உதவுகிறது. காட்டுப்பன்றி வேட்டையின் தரப்பிலிருந்து கேட்டால் இதில் கேலி எதுவும் இல்லை. வெறும் தொழில் விவரமாக இருக்கிறது. அங்கே குரைக்கிற நாய்தான் வேலை செய்கிற நாய். கடிக்கப் போகிற நாய் பல சமயம் அன்றைக்கே செத்துப்போகும்.

எரியோட்டில் நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்குப் பாஸ்புக் பதிய வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. எண்பதைத் தொடுகிற வயது. அறுபதுகளில், சட்டம் வருவதற்கு முன்னால், அய்யலூர்ப் பக்கத்துக் கரடுகளில் நாய்களோடு பன்றிக்குப் போனவர். ஒருமுறை சொன்னார்: "கடிக்கிற நாயி ஒரு வேட்டைக்குத்தான் தம்பி ஆகும். குலைச்சு நிப்பாட்டுற நாயிதான் காலத்துக்கும் ஆகும்." இலக்கியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நம் கவிதையைப் பற்றி நான் கொஞ்ச நாளாகச் சொல்ல விரும்பிய ஒன்று இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் விஷயத்தை ஸ்தூலமாகப் பார்த்துக்கொள்வோம். ஆண்பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பல் மேல் கோரைப்பல்லோடு உரசி உரசித் தன்னைத்தானே தீட்டிக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி, கீழிருந்து மேலாக அது வீசும்போது எதிரே நிற்கிற நாயின் வயிறுதான் முதலில் கிடைக்கும். அதன் தோள்புறத்தில் கெட்டித்துப்போன திசு கேடயம் மாதிரி இருக்கிறது. ஆகவே முன்னால் பாய்கிற நாய் தைரியசாலியாக இருக்கலாம். பயனுள்ள நாய் அல்ல. பயனுள்ள நாய் சுற்றி ஓடுகிறது. கிட்டே போய் விலகுகிறது. ஓடுகிற பன்றியை ஒரு பாறைக்கோ புதருக்கோ முதுகு கொடுத்து நிற்கும்படி செய்கிறது. மனிதன் வந்து சேரும்வரை விடாமல் குரைக்கிறது. அந்தக் குரல்தான் மனிதனுக்கு வழி.

அமெரிக்காவின் தென்பகுதியில், குடியேறியவர்கள் கொண்டுவந்து காட்டில் பெருகிப்போன பன்றிகளை வேட்டையாடுகிறவர்கள், இந்த வேலையை இரண்டு வகை நாய்களுக்குப் பிரித்தே கொடுத்துவிட்டார்கள். ஒரு வகை தேடிப்போய்க் குரைத்து நிறுத்துவது. இன்னொரு வகை பிற்பாடு அவிழ்த்துவிடப்படுவது. பன்றியின் காதைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்குவது. இரண்டாவது வகைக்குத் தடித்த மார்க்கவசமும் கழுத்துப் பட்டையும் கட்டி அனுப்புகிறார்கள். அது உயிரோடு திரும்புவதற்கு அந்த ஏற்பாடு தேவைப்படுகிறது.

நிறுத்துகிற நாய், பிடிக்கிற நாய். எழுத்திலும் இந்த இரண்டு வகை உண்டு. ஒரு அனுபவத்தைத் தப்பவிடாமல் சுற்றி வளைத்து, அதைத் திரும்பி நம்மைப் பார்க்கும்படி செய்துவிட்டு, அங்கேயே நிற்கிற எழுத்து ஒன்று. அதன் காதைக் கவ்வித் தரையில் சாய்த்துவிட்டு, இதோ பிடித்துவிட்டேன் என்று காட்டுகிற எழுத்து இன்னொன்று. நமக்கு இரண்டாவதன் மேல்தான் மயக்கம் அதிகம். முதலாவதற்கு நம்மிடம் மிகப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது.

2

அகநானூற்றின் 248-ஆம் பாட்டு கபிலருடையது. பதினாறு அடி. ஒரு வேடிக்கையைக் கேள் என்று தலைவி தோழியிடம் ஆரம்பிக்கிறாள். ஆனால் வேடிக்கைக்கு வந்து சேர அவளுக்குப் பாட்டின் பெரும்பகுதி வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பன்றி வேட்டையைச் சொல்லிவிட வேண்டும்.

வலிய நாய்களை அடித்து வீழ்த்திவிட்டது பன்றி. குட்டிகளைக் காத்தாகிவிட்டது. நெருங்கிவரும் இளைஞர்களைத் தடுத்துக்கொண்டு, பெட்டையும் கிளையும் தப்பிப்போகட்டும் என்று, தான் மட்டும் ஒரு குறுகலான வழியில் ஆட்களுக்கு எதிர்முகமாக நிற்கிறது. வேடன் அருகில் வந்துவிட்டான். அம்பைத் தொடுத்துவிட்டான். அப்போது பன்றியைப் பார்க்கிறான். படையெல்லாம் போய்விட்ட பிறகும் தான் போகாமல் வழியை மறித்து நிற்கிற எங்கள் தலைவனைப் போல இருக்கிறதே என்று நினைக்கிறான். எய்யாமல் திரும்பிவிடுகிறான்.

இது இவ்வளவும் தலைவனுடைய மலைநாட்டுக்கு அடைமொழி. இலக்கணப்படி பார்த்தால் முழு வேட்டையும் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்கும் விசேஷணம்தான். அந்தப் பெயர் வந்ததும் பாட்டு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. அடர்ந்த புதரில் மாட்டி அறுந்துபோன மாலை, காளையின் திமிலில் புரளும் கயிறு மாதிரித் தோளில் ஆட, தலைவன் வீட்டுக்குள் வந்து நிற்கிறான். அம்மா பார்த்துவிடுகிறாள். சட்டென்று மகளின் முகத்தைப் பார்க்கிறாள். நீ நல்லவள்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறாள். இதுதான் வேடிக்கை.

நம் பண்டிதர்களிடம் இந்தப் பாட்டைக் கொடுத்தால், விலங்கிடத்தும் வீரத்தை மதித்த தமிழர் பண்பாடு என்று ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதுகிற மாதிரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பன்றியின் வீரம், வேடனின் பெருந்தன்மை. கவிதை எங்கே போயிற்று என்று கேட்கக்கூடாது. இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள், கபிலர் என்பதால் அந்தத் தலைவன் பாரிதான் என்று சரித்திரத்துக்குள் போவார்கள். பாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

கவிதை அதன் வினைச்சொற்களில் இருக்கிறது. நோக்குதல், நிற்றல், பெயர்தல் என்று மூன்று வினைகள். மூன்றும் காட்டில் ஒருமுறை வருகின்றன. வீட்டில் ஒருமுறை வருகின்றன. பன்றி வழியில் நிற்கிறது. தலைவன் வீட்டில் வந்து நிற்கிறான். வேடன் பன்றியை நோக்குகிறான். அம்மா மகளின் முகத்தை நோக்குகிறாள். வேடன் எய்யாமல் பெயர்கிறான். அம்மா சிரித்துப் பெயர்கிறாள். கபிலர் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. போல என்று அவர் போடுகிற இடங்கள் வேறு. காட்டையும் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரே வினைகளை இரண்டு இடத்திலும் புழங்கவிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

விளைவு என்னவென்றால் அம்மாவின் சிரிப்பு ஒரு தொடுத்த அம்பாக மாறிவிடுகிறது. அவள் எய்திருக்கலாம். கூச்சல் போட்டிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம், மகளை அடித்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. இது மன்னிப்பா, எச்சரிக்கையா, கேலியா, தானும் ஒரு காலத்தில் இப்படி நின்றவள் என்ற ஞாபகமா என்று பாட்டு சொல்லவில்லை. தலைவிக்கும் தெரியாது. தெரியாததால்தான் தோழியைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். வேட்டையின் உச்சமான கணத்தை நிறுத்திவைத்துவிட்டு, அந்த நிறுத்தத்தின் பாரத்தை ஒரு வீட்டுச் சிரிப்பின் மேல் ஏற்றிவிட்டார் கபிலர். இதை நான் நிறுத்துகிற எழுத்து என்கிறேன்.

3

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இங்கே வேறொரு காவியம் ஞாபகம் வரும். பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய 'ஸர் கவெய்னும் பச்சை வீரனும்'. அதில் மூன்று நாள் வேட்டை. முதல் நாள் மான், இரண்டாம் நாள் பன்றி, மூன்றாம் நாள் நரி. பிரபு காட்டில் வேட்டையாடும் அதே காலை வேளைகளில் அவன் மனைவி, கோட்டைக்குள் விருந்தாளியாகப் படுத்திருக்கும் கவெய்னின் அறைக்கு வந்து அவனைச் சோதிக்கிறாள். வெளியே வேட்டை, உள்ளே வேட்டை.

பன்றி நாளில் அங்கேயும் நாய்கள் கிழிபடுகின்றன. பன்றி திரும்பி நின்றதும் ஆட்கள் கிட்டே போகப் பயப்படுகிறார்கள். பிரபு குதிரையிலிருந்து இறங்கி, ஓடும் நீரில் நின்று, வாளால் அதைக் கொல்கிறான். தலை கோட்டைக்கு வந்து விருந்தாளியின் முன்னால் வைக்கப்படுகிறது.

காட்டு வேட்டையையும் காதலையும் எதிரெதிரே வைக்கிற யோசனை, ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகளில் தோன்றியிருக்கிறது. இதில் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் வித்தியாசம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலக் கவிஞனுக்குக் காலம் இருக்கிறது. ஒரு காட்சி காட்டில், ஒரு காட்சி படுக்கையறையில் என்று மாற்றி மாற்றிச் சொல்கிறான். கபிலருக்கு இருப்பது ஒரே வாக்கியம்; அந்த வாக்கியத்தின் எலும்பிலேயே காட்டையும் வீட்டையும் மூட்டியிருக்கிறார். இன்னொன்று, அங்கே பன்றி சாகிறது. காவியத்தின் பந்தயத்துக்கு அந்தத் தலை தேவை. இங்கே வேடன் வெறுங்கையோடு திரும்புகிறான்.

நம்மிடமே பன்றி செத்துத்தான் ஆகவேண்டிய ஒரு கவிதை உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் திண்ணனின் கன்னி வேட்டை. வலைகளைப் பிய்த்துக்கொண்டு ஒரு பன்றி ஓடுகிறது. வேட்டைக் கூட்டமும் ஆரவாரமும் பின்னே நின்றுபோக, நாணன், காடன் இருவர் மட்டுமே திண்ணனோடு தொடர்கிறார்கள். பன்றி இளைத்து ஒரு மரச்சோலையில் நிற்கிறது. கபிலரின் பன்றியும் நின்றது. சேக்கிழாரின் பன்றியும் நிற்கிறது. இங்கேயும் அம்பு விடுபடவில்லை. ஆனால் காரணம் வேறு. திண்ணன் அம்பை நினைக்கவே இல்லை. சுரிகையை உருவி உடல் முறியக் குத்துகிறான்.

இதனால் சேக்கிழார் மட்டம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். அவருக்கு மாமிசம் வேண்டும். அந்தப் பன்றியின் இறைச்சி இல்லாமல் காளத்தி மலை மேல் நடக்கும் ஆறு நாள் கதை இல்லை. வாயில் போட்டுப் பதம் பார்த்து எடுத்துவைத்த உணவு இல்லை. கண்ணப்பர் இல்லை. பிடிக்கிற எழுத்துக்கும் நியாயம் உண்டு. ஆனால் பிடித்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு காளத்தி இருக்க வேண்டும். நம் கவிஞர்களிடம் நான் கேட்பது இதுதான். பிடித்துவிட்டீர்கள், சரி. யாருக்குப் படைக்கப் போகிறீர்கள்?

4

இதுவரை பேசியதில் நாயைக் காணோம் என்று கவனித்திருப்பீர்கள். கவிதைகளிலும் நிலைமை இதுதான்.

காட்டில் நடப்பதற்கெல்லாம் கபிலர் வீட்டில் ஒரு ஜோடி வைத்திருக்கிறார் என்று பார்த்தோம். பன்றிக்குத் தலைவன், வேடனுக்கு அம்மா, அம்புக்குச் சிரிப்பு. நாய்க்கு யார்? உள்ளுறை தேடுகிறவர்கள் ஊர்ப்பேச்சு என்பார்கள். அலர் குரைக்கிறது, நாயும் குரைக்கிறது என்று பொருத்திவிடலாம். ஆனால் வீட்டுப் பகுதியில் ஊர்ப்பேச்சு பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருக்கிற பதினாறு அடியில் ஒப்புமைக்குள் அடங்காமல் வெளியே கிடக்கிற ஒரே உயிர் நாய்தான். அது எதற்கும் குறியீடு ஆகவில்லை. வெறுமனே அடிபட்டு விழுந்துகிடக்கிறது. வேடன் தன் தலைவனை ஞாபகப்படுத்திக்கொண்டு பன்றிக்கு மரியாதை செய்துவிட்டுத் திரும்பும்போது, அந்தப் பன்றியை அங்கே நிறுத்திக்கொடுத்த நாய்களைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். பாட்டில் அது இல்லை.

நாயின் வேலை என்ன என்று கபிலருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. குறிஞ்சிப்பாட்டும் அவருடையதுதான். அதில் தலைவனின் வேட்டை நாய்கள் கூரிய பற்களும் நகங்களுமாக வந்து தினைப்புனத்துப் பெண்களை வளைத்துக்கொள்கின்றன. பெண்கள் நடுங்கி எழுகிறார்கள். நாய்கள் கடிப்பதில்லை. பின்னாலேயே தலைவன் வருகிறான். தன்னிடமிருந்து தப்பிய விலங்குகளைப் பார்த்தீர்களா என்று பணிவாகக் கேட்கிறான். பன்றிக்குச் செய்கிற அதே வேலையை நாய்கள் இங்கே காதலுக்குச் செய்துவிடுகின்றன. வளைப்பது, நிறுத்துவது, ஆள் வரும்வரை விடாமலிருப்பது. பிறகு காதல் வந்துவிடுகிறது. நாய்கள் பாட்டிலிருந்து போய்விடுகின்றன.

மற்ற இடங்களில் பன்றியைச் சமாளிப்பவை வேறு ஏற்பாடுகள். மலைபடுகடாத்தில் விளைந்த புனத்தைப் பன்றி அழித்துவிடும் என்ற பயத்தில் அது புகும் வழிதோறும் கற்பொறி வைக்கிறார்கள். நற்றிணை 98-இல் ஒரு பல்லி சத்தமிடுகிறது. புனத்துக்குள் நுழையப் போன பன்றி சகுனம் சரியில்லை என்று மெல்லப் பின்வாங்குகிறது. புறநானூறு 152-இல் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாக எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகிறது. அந்த மாதிரி அம்பு இருந்தால் நாய்க்கு என்ன வேலை? பெரும்பாணாற்றுப்படையின் எயினர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். வளைந்த கொம்புள்ள பன்றிக்காகத் தண்ணீர் பக்கத்துக் குழிகளில் நள்ளிரவில் தாங்களே ஒளிந்திருக்கிறார்கள். அது வாய்க்காவிட்டால் பகலில் நாய்களோடு போய் முயலை வலைக்குள் விரட்டுகிறார்கள். நாயைப் பன்றியிடம் விட்டால் நாய் மிஞ்சாது என்ற அறிவு அந்த ஏற்பாட்டில் தெரிகிறது.

இந்த நாய்கள் ஒன்றுக்கும் பெயரில்லை. தமிழில் ஒரு நாய்க்குப் பெயர் கிடைத்தது கவிதையில் அல்ல, கல்லில். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உவமை இல்லை, அடைமொழி இல்லை. யாருடைய நாய், என்ன பெயர், என்ன செய்தது. அந்தக் கல்லை எழுதியவன் கவிஞன் இல்லை என்பது ஒருவேளை நாயின் அதிர்ஷ்டம்.

நாவலாசிரியர்களில் இந்தக் கல்வெட்டுக்காரனுக்குச் சமமாக ஒருவரைச் சொல்லலாம். ஃபாக்னர். 1942-இல் வெளிவந்த 'கரடி' என்ற நெடுங்கதையில் வேட்டை பல வருஷங்களாகத் தோற்றுக்கொண்டே வருகிறது. கரடியை நிறுத்தக்கூடிய நாய் இல்லை என்பதுதான் காரணம். கடைசியில் ஒரு பெரிய கலப்பின நாய் வருகிறது. லயன் என்று பெயர். கரடியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. கரடி அதன் வயிற்றைக் கிழிக்கிறது. நாயைக் காப்பாற்றத்தான் பூன் என்கிற முரடன் கத்தியோடு கரடியின் மேல் பாய்கிறான். நாயும் சாகிறது, அதற்கு ஒரு புதைகுழி கிடைக்கிறது. வேட்டையைப் பற்றி எவ்வளவோ தத்துவம் பேசுகிற அந்தக் கதையில் என்னைப் பொறுத்தவரை அசைக்க முடியாத உண்மை அந்த நாயின் வேலைதான். ஃபாக்னர் அதை வர்ணிப்பதற்கு முன்னால் புரிந்துகொண்டிருக்கிறார்.

5

நவீனத் தமிழில் இதற்கு இணையாக என்ன இருக்கிறது என்று கேட்டால் எரியோட்டிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இதே திண்டுக்கல் மாவட்டத்து வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959-இல் 'வாடிவாசல்' எழுதினார். காரி என்கிற காளை, பிச்சி என்கிற மாடுபிடிக்காரன், பார்த்துக்கொண்டிருக்கிற ஜமீன்தார். தன் காளை பிடிபட்டுவிட்டது என்பதற்காக ஜமீன்தார் அதைச் சுட்டுவிடுகிறார். மிருகத்தின் மேல் ஏற்றப்பட்ட கௌரவம் கடைசியில் மிருகத்தைக் கொல்லும் என்பதை ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் சொன்ன கதை. பிடிப்பதைப் பற்றிய கதைதான், ஆனால் நிறுத்துகிற எழுத்து. அந்த மாதிரி ஒரு கண் பன்றி வேட்டையின் மேல் விழவில்லை.

காரணங்கள் உண்டு. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், நாயை ஏவித் துரத்துவதையும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது. செய்தவர்கள் பேச மாட்டார்கள். பேசாததை எழுத்தாளன் கேட்பதும் இல்லை. சட்டம் தவறு என்று நான் சொல்லவில்லை. வேட்டைக்கு வக்காலத்து வாங்குவதும் இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. நாய் போன இடத்தில் என்ன வந்தது என்று பார்க்கச் சொல்கிறேன். திருட்டுத்தனமாக வைக்கிற மின்கம்பி வந்தது. இரைக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய் வந்தது. இவற்றுக்கு யாரும் நேரில் இருக்க வேண்டியதில்லை. கடிக்கிறது பன்றியா வேறொன்றா என்றும் தெரியாது. யானைகள்கூட வாய் சிதறிச் செத்திருக்கின்றன. 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அனுமதித்தது. அதுவும் ஒரு நிர்வாகத் தீர்வு. கபிலரின் வேடன் திரும்பிப் போனது பன்றியின் முகத்தைப் பார்த்ததால். அந்தப் பார்வைக்கு இடம் வைக்காத சாவுகள்தான் இப்போது நடக்கின்றன.

நம் பக்கத்தில் விஷயம் இன்னும் சிக்கலானது. அய்யலூர் வனச்சரகத்துக் காடுகளும் சேர்ந்து 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் ஆயின. மொத்தம் 11,806 ஹெக்டேர். தேவாங்குக்குக் கிடைத்தது நல்லதுதான். காட்டை ஒட்டி நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிற மானாவாரிக்காரன் ராத்திரி தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காலையில் நகையோடு கிளைக்கு வருகிறான். கடன் படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில் விவசாயச் செலவு என்று நான் எழுதுகிறேன். பன்றி என்று எழுத அதில் இடம் இல்லை. இதைத் துயரமாகச் சொல்லவில்லை. படிவம் அப்படித்தான் இருக்கும். கவிதையும் அந்தப் படிவம் மாதிரி இருப்பதுதான் ஆட்சேபணை.

இந்தச் சில வருஷங்களாகப் பத்திரிகைகளுக்கு வருகிற கவிதைகளில் இரண்டு வகை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. முதல் வகை, 2017 ஜனவரி மெரினாவுக்குப் பிறகு பெருகியது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நாட்டு நாய்களின் பெயர்களை அடுக்கி, பாளையக்காரர் காலத்தை வரவழைத்து, பாட்டன் பெருமையில் முடியும். நாய் அதில் கொடிக்கம்பம். இரண்டாவது வகை சூழலியல் கவிதை. பன்றி அதில் காட்டின் கடைசிப் பிரஜை, மனிதன் குற்றவாளி, கடைசி வரியில் ஒரு சொட்டு ரத்தம். இரண்டுக்கும் தொனி வேறு, மனோபாவம் ஒன்று. இரண்டும் முதல் வரியிலேயே காதைக் கவ்விவிட்டன. மார்க்கவசம் கட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. அடிபடுவதற்கான சாத்தியமே இல்லை. முடிவு முன்னமே கையில் இருக்கிறபோது கவிதைக்கு என்ன ஆபத்து?

நாட்டு நாய்க் கவிஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம். ராஜபாளையம் நாயின் அழகு அதன் மாசற்ற வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும். 2005-இல் இந்தியத் தபால்துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்ததில், காது கேளாத குட்டிகள் பிறப்பது அந்த இனத்தின் அறியப்பட்ட குறையாகிவிட்டது. பன்றிக்கு எதிரே ஓடவேண்டிய நாய் கூப்பிட்ட குரலைக் கேட்காமல் போனால் என்ன ஆகும்? நிறத்துக்காக வளர்க்கப்பட்ட கவிதைக்கும் இதுதான் நேர்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை.

6

நிறுத்துகிற எழுத்து என்று நான் சொல்வதை மௌனம், பூடகம், சொல்லாமல் விடுவது என்று குழப்பிக்கொள்ள இடமுண்டு. நம் வட்டத்தில் அந்த நோயும் இருக்கிறது. எதையும் சுற்றி ஓடாமல், எதன் முன்னாலும் குரைக்காமல், வெறுமனே புதரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஆழம் என்று பெயர் வைப்பது. குரைக்கிற நாய் சோம்பேறி அல்ல. மற்ற நாய்களைவிட அதிகம் ஓடுவது அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் கொம்பின் எல்லைக்குள் போய்த் திரும்புகிறது. கபிலர் பாட்டிலும் பன்றி சும்மா நிற்கவில்லை. நாய்கள், குட்டிகள், இளைஞர்கள், பெட்டை, கிளை, குறுகிய வழி என்று ஒவ்வொன்றாக அடுக்கி, பன்றிக்கு வேறு வழி இல்லாமல் செய்த பிறகுதான் அதை நிறுத்துகிறார். விவரங்கள்தான் அவருடைய நாய்கள். விவரம் இல்லாமல் நிறுத்தம் இல்லை.

அதனால் நம் கவிஞர்களிடம் முதலில் கேட்க வேண்டியது கருத்து அல்ல, விவரம். பன்றி எந்தப் பக்கமாகப் புனத்துக்குள் வருகிறது, நாய் எங்கே நின்று குரைக்கிறது, கிழிந்த வயிற்றை யார் தைத்தார்கள், எந்த ஊசியால், நாயின் பெயர் என்ன. இவற்றைக் கேட்டு எழுதத் தெரியாதவன் கருணையைப் பற்றியோ வீரத்தைப் பற்றியோ பேசும்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எடுத்தனூர்க் கல்வெட்டுக்காரனுக்கு இருந்த அந்தக் குறைந்தபட்ச நாணயம் ஆயிரத்து நானூறு வருஷம் கழித்து நமக்கும் வேண்டும்.

கபிலர் நாய்களை ஒரே சொல்லில் கடந்துவிட்டார் என்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பேசுகிறவள் தலைவி; அவளுக்கு அன்றைக்கு வேறு கவலை. ஆனால் நம்மை அந்தப் பாட்டுக்குள் இன்னும் கூப்பிடுகிற இடம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வேடன் திரும்பிவிட்டான். அம்மாவும் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பன்றி தன் கிளையைத் தேடிப் போயிருக்கும். அந்தக் குறுகலான வழியில் அடிபட்ட நாய்கள் மட்டும் கிடக்கின்றன. அவற்றின் பெயர் என்ன என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.